துணைவந்த உயிர்கள்
(ஆர்.கே. நாராயண் வாழ்க்கை வரலாறு)

நுழையும் முன்

கதை ஒன்று எழுதுக என்று சொன்னால், நம்மில் பலர் உடனே ஒரு வீரச் சிறுவனைப் படைத்துவிடுவோம். அவனுக்குத் துணையாகப் பேசும் கிளியையோ பறக்கும் குதிரையையோ சேர்த்துக்கொள்வோம். சிறுவனுக்கு இடர் நேரும்போது கிளி வந்து வழி சொல்லும். இடர் நீங்கியதும் அது கதையிலிருந்தே மறைந்துபோகும். அந்தக் கிளிக்குப் பசி உண்டா, அச்சம் உண்டா, அது எங்கே உறங்குகிறது என்பனவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் நம் கிளிக்குச் சிறகு இருக்கும், உயிர் இருக்காது.

கதைக்குள் வரும் துணை உயிர்களுக்கும் தமக்கென ஒரு மனம் உண்டு என்பதைத் தம் எழுத்தால் உணர்த்திய ஒருவர் நாம் வாழும் இதே மைசூரு நகரில் வாழ்ந்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கன்னட மண்ணில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதி, உலகப் புகழ் பெற்ற அவர் ஆர்.கே. நாராயண். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

பாட்டி வீட்டுத் தோட்டம்

நாராயண் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். ராசிபுரம் கிருஷ்ணசுவாமி ஐயர் நாராயணசுவாமி என்பது அவருடைய முழுப்பெயர். ராசிபுரம் இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஊர். தந்தையார் அன்றைய மைசூர் அரசின் பள்ளிகளில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். பணி நிமித்தமாக அவர் ஊர்விட்டு ஊர் மாற வேண்டியிருந்தது. வீட்டில் பிள்ளைகள் எண்மர். ஆதலால், சிறுவன் நாராயண் சென்னைப் புரசைவாக்கத்தில் தம் பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி அவரைக் குஞ்சப்பா என்று செல்லமாக அழைத்தார்.

பெற்றோரும் உடன்பிறந்தாரும் தொலைவில் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றைக் குழந்தையாக வளர்வது எளிதன்று. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் நண்பர்களைப் பிரிந்து புதிய ஊருக்கு வந்த மாணவர்கள் அத்தனிமையை நன்கு அறிவர். ஆனால், நாராயணின் தனிமைக்கு இரண்டு துணைகள் கிடைத்தன. ஒன்று மயில், மற்றொன்று குரங்கு.

பாட்டி வீட்டுத் தோட்டத்தின் மூலையில் மணல் குவிந்திருந்தது. கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல் சிறுவன் அங்கே அமர்ந்து மணலில் கோட்டையும் மலையும் கட்டுவான். அருகில் ஒரு கம்பத்தில் குரங்கு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். அது தங்குவதற்குக் கம்பத்தின் உச்சியில் சிறு மரவீடு ஒன்றை அமைத்திருந்தனர். குரங்கோ அதற்குள் புகாது. அதன் கூரைமேல் அமர்ந்து வாலைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும். இராமா என்று அழைத்தால் பல்லைக் காட்டும். மயில் மண்ணைக் கிளறிப் பூச்சி தேடுவதிலேயே கருத்தாயிருக்கும். குரங்கின் கண் எந்நேரமும் அந்த மயில்மேல் இருக்கும்.

நாராயண் தம் வாழ்க்கை நினைவுகளை 1974ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அந்நூல் இந்தத் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அவர் மறவாதவை எவை என்று நோக்குங்கள். குரங்கு வீட்டுக்குள் இராமல் கூரைமேல் இருந்ததும், அது மயிலைக் கண்காணித்ததும் அவர் நினைவில் நின்றன. விலங்கின் அழகைவிட அதன் விருப்பத்தையும் பழக்கத்தையும் அவர் கவனித்திருந்தார். அதைப் பிணைத்திருந்த சங்கிலியும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

தோட்டத்தில் விளையாட்டு என்றால் திண்ணையில் பாடம். பாட்டி அவருக்கு வாய்பாடும் தமிழ் நெடுங்கணக்கும் ஔவையாரின் அறநெறிகளும் கற்பித்தார். பிற்காலத்தில் அவர் இராமாயணத்தை ஆங்கில உரைநடையில் சுருக்கி எழுதியபோது கம்பர் காவியத்தையே அடிப்படையாகக் கொண்டார். அந்நூல் 1972இல் வெளிவந்தது.

மைசூருக்கு வந்த இளைஞர்

தந்தையார் மைசூர் மகாராஜா கல்லூரி உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக மாற்றலாகி வந்தார். நாராயணும் மைசூருக்கு வந்து சேர்ந்தார். அப்பள்ளியின் நூலகம் அவருக்குப் பெருஞ்செல்வமாக அமைந்தது. பாடநூல்களைவிடக் கதைநூல்களையே அவர் மிகுதியாகப் படித்தார். அதன் விளைவாகப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோல்வியுற்றார்.

தலைமையாசிரியரின் மகன் தேர்வில் தோற்றால் ஊர் என்ன பேசும் என்பதை நாம் ஊகிக்கலாம். நாராயண் ஓராண்டு வீட்டில் இருந்தபடியே நிறையப் படித்தார், எழுதியும் பழகினார். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் அமர்ந்து நூல்களில் மூழ்கினார். 1926இல் தேர்ச்சி பெற்று மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெற அவருக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. பின்னர்ச் சிறிதுகாலம் பள்ளி ஆசிரியராகப் பணியேற்றார். அப்பணி தம் இயல்புக்குப் பொருந்தவில்லை எனக் கண்டு, எழுத்தையே தொழிலாகக் கொள்வது என்று துணிந்தார். எழுத்தை நம்பி வாழ்வது இன்றும் அரிது. அன்று மிக அரிது.

மால்குடி பிறந்தது

1930ஆம் ஆண்டு, பெங்களூரில் பாட்டியின் இல்லத்தில் நாராயண் தங்கியிருந்தார். பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொல்ல, விசயதசமி அன்று புதிய எழுதேடு ஒன்றை வாங்கித் தம் முதல் நாவலைத் தொடங்கினார். அவர் மனத்தில் முதலில் தோன்றியது ஒரு சிறிய தொடர்வண்டி நிலையம். அந்த நிலையத்துக்குரிய ஊர்தான் மால்குடி. எந்த நிலப்படத்திலும் இல்லாத அந்த ஊருக்கு அவர் சரயு என்னும் ஆற்றையும், தெருக்களையும், பள்ளிகளையும், கடைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பின்னர் எழுதிய நாவல்களிலும் சிறுகதைகளிலும் பெரும்பாலானவை அவ்வூரிலேயே நிகழ்கின்றன.

எழுதி முடித்த நாவலைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. மனம் சலித்த நாராயண், கைப்பிரதியைக் கல்லில் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு இங்கிலாந்தில் இருந்த தம் நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். நண்பர் அவ்வாறு செய்யவில்லை. அதனை ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன் என்பவரிடம் கொண்டுசேர்த்தார். கிரீன் அதனைப் படித்து மகிழ்ந்து, பதிப்பிக்க ஏற்பாடு செய்தார். 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. ஒரு நண்பரின் உறுதியால் உயிர்பிழைத்த அந்நூல், நண்பர்களைப் பற்றிய நூலாகவே அமைந்தது பொருத்தமே.

சுவாமியும் அவனைச் சூழ்ந்தோரும்

இந்நாவலின் தலைமைப் பாத்திரம் சுவாமிநாதன் என்னும் பள்ளிச் சிறுவன். ஆனால், அவன் ஒருவனால் மட்டும் கதை நடைபெறவில்லை. உடல்வலிமையை நம்பும் மணி, அறிவில் சிறந்த சங்கர், வகுப்புத் தலைவன் சோமு, உருவத்தில் சிறியவனாதலால் பட்டாணி என்று பெயர்பெற்ற சாமுவேல், காவல்துறை உயர் அலுவலரின் மகனாகிய ராஜம் எனச் சுவாமியைச் சுற்றிப் பலர் உள்ளனர். ஒருவரைப் போல் மற்றவர் இல்லை. மணியின் அருகில் இருக்கும் சுவாமிக்குத் துணிவு வருகிறது. ராஜத்தின் அருகில் அவன் கூச்சம் கொள்கிறான். பாட்டியிடமோ அவன் பெரியவனைப் போல் ராஜத்தின் பெருமையைப் பேசித் தீர்க்கிறான். துணைப் பாத்திரம் என்பது தலைமைப் பாத்திரத்தின் வேறொரு முகத்தைக் காட்டும் கண்ணாடி என்பதை இதனால் அறிகிறோம்.

இந்நாவலில் ஓர் எறும்பும் வருகிறது. சுவாமி காகிதக் கப்பல் செய்து, அதில் ஓர் எறும்பை ஏற்றிச் சாக்கடை நீரில் மிதக்க விடுகிறான். கப்பல் கவிழ்ந்துபோகிறது. அந்த எறும்பின் ஆன்மா அமைதி பெற அவன் வேண்டிக்கொண்டு, ஒரு சிட்டிகை மண்ணை நீரில் இடுகிறான். கதையில் அந்த எறும்புக்குக் கிடைக்கும் இடம் சில வரிகளே. ஆயினும், எறும்பை ஏற்றியவனும் அதற்காக வருந்தியவனும் அதே சிறுவன் என்பதை அச்சில வரிகள் காட்டிவிடுகின்றன.

கதையின் முடிவில் ராஜத்தின் தந்தைக்குப் பணியிட மாற்றம் வருகிறது. கிரிக்கெட் ஆட்டத்துக்கு வாராமற் போன சுவாமியிடம் ராஜம் சினம் கொண்டிருக்கிறான். சுவாமி விடியற்காலையில் தொடர்வண்டி நிலையத்துக்கு விரைகிறான். அவன் கையில் ஆண்டர்சனின் தேவதைக் கதைநூல் இருக்கிறது. வண்டி நகரத் தொடங்கிய பின்னரே அந்நூல் மணியின் உதவியால் ராஜத்தின் கையைச் சேர்கிறது. ராஜம் தன்னை மன்னித்தானா என்பது சுவாமிக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆசிரியரும் அதற்கு விடை தரவில்லை. நண்பனைப் பிரிந்து வந்த ஒவ்வொரு மாணவரும் அந்த நிலைய மேடையில் சுவாமியின் அருகில் தாமும் நிற்பதாக உணர்வர்.

இருள் சூழ்ந்த காலம்

1939ஆம் ஆண்டு நாராயணின் மனைவி ராஜம் நச்சுக்காய்ச்சலால் மறைந்தார். அவர்களுக்கு ஹேமா என்னும் பெண்குழந்தை ஒன்று இருந்தது. நாராயண் நெடுநாள் துயரில் ஆழ்ந்து, எழுதாமல் இருந்தார். தாயற்ற குழந்தையை வளர்க்கும் கடமையும், வீட்டாரின் அரவணைப்பும் அவரை மெல்ல மெல்ல மீட்டன. அத்துயரத்தின் சாரத்தையே 1945இல் 'ஆங்கில ஆசிரியர்' என்னும் நாவலாக்கினார். துணையை இழப்பது என்பது அவருக்கு ஏட்டறிவு அன்று, பட்டறிவு.

நாயும் யானையும்

அவர் எழுதிய சிறுகதை ஒன்றில், தெருநாய் ஒன்று கண்பார்வையற்ற இரவலர் ஒருவருக்குத் துணையாகிறது. அவர் அதன் கழுத்தில் கயிறு கட்டி, அதனை வழிகாட்டியாக்கிக்கொள்கிறார். வருவாய் பெருகப் பெருக அவரது ஆசையும் பெருகுகிறது. நாய் களைத்து நின்றால் அடிக்கிறார். கடைவீதியில் உள்ளோர் மனம் பொறாமல் கயிற்றை அறுத்து நாயை விடுவிக்கின்றனர். அது துள்ளி ஓடுகிறது. ஆனால், சில நாட்கள் கழித்து அதே நாய் அவரை அழைத்துக்கொண்டு வருகிறது. இப்போது கழுத்தில் இருப்பது கயிறன்று, இரும்புச் சங்கிலி. அந்நாய் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆயினும், அன்பு எது, அடிமைத்தனம் எது என்னும் வினாவை அது நம்முன் வைத்துவிட்டுச் செல்கிறது.

அட்டிலா என்னும் நாயின் கதையோ நகைச்சுவை மிக்கது. வீட்டைக் காப்பதற்காக அச்சமூட்டும் பெயர் சூட்டி வளர்க்கப்பட்ட அந்நாய், எல்லாரிடமும் நட்புக் கொள்கிறது; திருடனிடமும் நட்புக் கொள்கிறது. அவன் பின்னாலேயே அன்போடு ஓடி, அவன் காலில் இடறி, அவன் பிடிபடக் காரணமாகிறது. ஊரார் அதனைப் பெருவீரனாகப் போற்றுகின்றனர். உரியவர்கள் விரும்பியபடி அந்நாய் நடக்கவில்லை. தன் இயல்புப்படியே நடந்தது. கதை சுவைப்பதற்கு அதுவே காரணம்.

1961இல் வெளிவந்த நாவல் ஒன்று மால்குடிக்கு வரும் ஆட்கொல்லி ஒருவனைப் பற்றியது. அவன் பெயர் வாசு. விலங்குகளைக் கொன்று பாடம் செய்யும் தொழிலினன். அச்சகம் நடத்தும் நடராஜ் என்னும் எளிய மனிதர் அவனுக்கு அஞ்சி ஒடுங்குகிறார். குமார் என்னும் கோயில் யானையைச் சுட்டு வீழ்த்த அவன் எண்ணுவதை அறிந்ததும், தமக்கென எதுவும் செய்யத் துணியாத நடராஜ் அந்த யானைக்காகத் துணிகிறார். யானை காப்பாற்றப்படுகிறது. வாசுவோ கொசுவை அடிக்க ஓங்கிய தன் கையாலேயே மாண்டுபோகிறான். தன் தலையில் தானே கைவைத்து அழிந்த பஸ்மாசுரன் கதை இதில் மறைந்திருப்பதைக் காணலாம்.

கதை சொல்லும் புலி

அதுவரை மனிதருக்குத் துணையாக வந்த விலங்கு, 1983இல் வெளிவந்த 'மால்குடிக்கு ஒரு புலி' நாவலில் தானே தலைவனாகிறது. கும்பமேளாவில் துறவி ஒருவர் கட்டப்படாத புலியுடன் உலவினார் என்னும் செய்தி இந்நாவலுக்கு வித்தாயிற்று.

ராஜா என்னும் புலி, விலங்கியல் பூங்காவின் கூண்டில் இருந்தபடி தன் கதையைச் சொல்கிறது. காட்டில் தன் துணையையும் குட்டிகளையும் வேடரிடம் இழந்த ராஜா பிடிபடுகிறது. வித்தைக் கூடார உரிமையாளர் அதனைப் பட்டினி போட்டும் சாட்டையால் அடித்தும் பழக்குகிறார். பின்னர்த் திரைப்படத்தில் நடிக்க வைக்கிறார். வேதனை எல்லை மீறியபோது புலி அவரை வீழ்த்திவிட்டுத் தப்பி, ஊருக்குள் புகுந்து, ஒரு பள்ளியில் நுழைகிறது. தலைமையாசிரியரின் அறையிலேயே படுத்துவிடுகிறது. ஊரே நடுங்கி நிற்க, துறவி ஒருவர் அமைதியாக உள்ளே சென்று அதனுடன் பேசி அழைத்துச் செல்கிறார். அன்று முதல் அவர் குருவாகவும் புலி மாணவனாகவும் மலையில் வாழ்கின்றனர். புலி முதுமை எய்தியபோது, அது பாதுகாப்பாக வாழட்டும் என்று குருவே அதனைப் பூங்காவில் ஒப்படைக்கிறார்.

புலி மனித எண்ணங்களோடு கதை சொல்வது கற்பனையே. ஆயினும், நாராயண் அதன் புலித்தன்மையை மாற்றிவிடவில்லை. அது வேட்டையாடுகிறது, பசியால் வாடுகிறது. மனிதர் செய்யும் பல செயல்கள் அதற்குப் புரிவதில்லை. குருவிடம் கற்ற பின்னும் பசி அதனை விட்டு நீங்குவதில்லை. விலங்கை மனிதனாக்கிவிடாமல், விலங்கின் கண்கொண்டு மனிதரைப் பார்க்க வைத்ததே இந்நாவலின் சிறப்பு. இது சிறுவர்க்கென எழுதப்பட்ட நூலன்று. எனினும், சிறுவர்க்கு மாயக்கதை எழுத விரும்புவோர் கற்றுக்கொள்ள வேண்டியது இதில் மிகுதியாக உள்ளது.

பிள்ளைகளின் சுமை கண்டவர்

'வழிகாட்டி' என்னும் நாவலுக்காக நாராயண் 1960இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1964இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. பின்னர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அங்கே அவர் தம் முதல் உரையில் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையின் எடை. முதுகு வளையப் பையைச் சுமந்து செல்லும் பிள்ளைகள் விளையாட்டையும் கனவையும் இழக்கின்றனர் என்று அவர் வருந்தினார். அவ்வுரை நாடு முழுவதும் பேசப்பட்டது. 1992இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, பிள்ளைகளின் கல்விச்சுமையை ஆராய்ந்து மறு ஆண்டே அறிக்கை அளித்தது.

கம்பத்துக் குரங்கின் சங்கிலி, நாயின் கழுத்துக் கயிறு, புலியின் கூண்டு, பிள்ளையின் முதுகுப்பை ஆகிய நான்கையும் கண்டவை ஒரே கண்கள் அல்லவா? வாய்திறந்து முறையிட இயலாத உயிரின்மேல் ஏற்றப்படும் சுமையை அவர் வாழ்நாள் முழுவதும் கவனித்து வந்தார்.

மைசூருவில் அவர் இல்லம்

மைசூரு யாதவகிரியில் நாராயண் தமக்கென ஒரு வீடு கட்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். முதுமையில் சென்னைக்குச் சென்றார். அங்கே 2001ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மறைந்தார். இடிக்கப்படும் நிலையிலிருந்து மீட்கப்பட்ட அவ்வீடு 2016 முதல் அவருடைய நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது. பெங்களூருக்கும் மைசூருவுக்கும் இடையே ஓடிய விரைவு வண்டி ஒன்றுக்கு மால்குடி என்று பெயர் சூட்டப்பட்டது. ஒரு நிலையத்தைக் கற்பனை செய்து எழுதத் தொடங்கியவருக்கு இதனினும் பொருத்தமான சிறப்பு வேறில்லை.

மாணவர்களே! அடுத்தமுறை உங்கள் கதைக்குள் ஒரு கிளியை அழைத்து வரும்போது, அதனால் உங்கள் தலைவனுக்கு என்ன பயன் என்று மட்டும் கேளாதீர்கள். அந்தக் கிளி எதை விரும்புகிறது என்றும் கேளுங்கள். விடை தெரிந்த அந்த நொடியில் உங்கள் கிளி உயிர்பெறும்.

சொல்லும் பொருளும்

நிமித்தம் – காரணம்
நெடுங்கணக்கு – எழுத்துகளின் வரிசை
இடர் – துன்பம்
இரவலர் – பிச்சை ஏற்பவர்
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு
வித்து – விதை

விடை தருக

1. பாட்டி வீட்டுக் குரங்கைப் பற்றி நாராயண் நினைவில் வைத்திருந்தவை யாவை?
2. மணி, ராஜம், பாட்டி ஆகிய மூவரிடமும் சுவாமி எவ்வாறு வெவ்வேறாக நடந்துகொள்கிறான்?
3. யானை பேசாவிடினும் நடராஜின் இயல்பை அது எவ்வாறு மாற்றுகிறது?
4. கடைவீதியினர் நாயின் கயிற்றை அறுத்தது சரியா? நாய் திரும்பி வந்ததை நினைவில் கொண்டு உம் கருத்தை எழுதுக.

படைத்துப் பார்

உம் வீட்டிலோ தெருவிலோ காணும் ஓர் உயிரினத்தை மூன்று நாட்கள் உற்றுநோக்குக. அது உறங்கும் இடம், அஞ்சும் பொருள், விரும்பும் உணவு, உம்மை ஆச்சரியப்படுத்திய செயல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பின்னர் அவ்வுயிரினம் துணையாக வரும் மாயக்கதை ஒன்றை ஒரு பக்க அளவில் எழுதுக. கதையில் ஓரிடத்திலேனும் அது தலைவனின் சொல்லைக் கேளாமல் தன் விருப்பப்படி நடத்தல் வேண்டும்.